இறவாரத்திலிருந்து தொடங்கிய பின்னல்

மூன்று வாரம் பின்னிய தோள் போர்வையைப் போட்டுக்கொண்டு மகள் கண்ணாடி முன்னால் நின்றாள். செதில்கள் அத்தனையும் மேலே, அவள் கழுத்தைப் பார்த்தபடி வாய் திறந்து நின்றன. கீழே தொங்க வேண்டியவை. கையால் தடவிப் படிய வைத்தேன். அவள் இரண்டு எட்டு நடந்ததும் மறுபடி விரிந்துகொண்டன. "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை, எண்ணிக்கை எல்லாம் சரி. தொடங்கிய இடம்தான் தப்பு. அது எனக்கு அன்று ராத்திரி வரை புரியவில்லை.

இந்தப் பின்னலை கிராக்கடைல் ஸ்டிச் என்கிறார்கள், முதலைப் பின்னல். கொக்கி ஊசியில், அதாவது குரோஷா ஊசியில் போடுவது. துணியின் மேல் செதில் செதிலாக எழும்பி, ஒரு வரிசைச் செதிலின் வேரை மேல் வரிசைச் செதில் மூடிக்கொண்டு வரும். பார்த்தவுடனே தொட்டுப் பார்க்கத் தோன்றும். பெயர் மட்டும் பொருத்தமில்லை என்பது என் எண்ணம். முதலையின் முதுகில் தடித்த தோல் கட்டம் கட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே தவிர, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்காது. அடுக்கடுக்காக ஏறி இருப்பது மீனுக்கும் அழுங்குக்கும்தான். எறும்புத்தின்னி என்றும் சொல்வோமே, அந்த அழுங்கு. அதன் செதில்களின் நுனி வாலைப் பார்த்து இருக்கும், நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனவை. நான் முடித்த முதல் பையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன் "அழுங்கு மாதிரி இருக்கு" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்கு அழுங்குப் பின்னல் என்றுதான் பெயர்.

எனக்குக் கொக்கி ஊசியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தெலுங்கு அக்கா. ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துக்காரர். அந்த ஊர்ப் பக்கம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெல்லிய பருத்தி நூலில் லேஸ் பின்னுவார்கள், வெளிநாட்டுக்கெல்லாம் போகும். அந்த அக்காவுக்கு ஊசியைப் பார்க்கவே வேண்டாம், பேசிக்கொண்டே கை ஓடும். சங்கிலிபோல ஓடும் செயின், இரண்டு இடத்தை ஒட்டிச் சேர்க்கும் ஸ்லிப், குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல் நான்கையும் கற்றுக்கொடுத்தார். செதில் பின்னல் அவருக்கும் புதிது. படத்தைக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் பார்த்தார். "இது வரிசை மேல போட்டது இல்ல கண்ணு, கம்பைச் சுத்திப் போட்டது" என்றார்.

விஷயமே அதுதான். மற்ற பின்னல்களில் முந்தைய வரிசையின் தலையில் ஊசியை விட்டு அடுத்த வரிசையைப் போடுவோம். இதில் முதலில் ஒரு வரிசை ஏணி மாதிரிப் போட வேண்டும். பிறகு அந்த ஏணியின் நிற்கும் கம்புகளைச் சுற்றிப் பின்ன வேண்டும். அந்தக் கம்பை நான் தூண் என்றே சொல்கிறேன். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, இரண்டிரண்டாகக் கழற்றுகிற நெட்டைப் பின்னல்தான் ஒரு தூண்.

இங்கே புதிதாக வருபவர்கள் அநேகமாக விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. இதே தூணை அமெரிக்கக் குறிப்புகள் டபுள் என்கின்றன, பிரிட்டன் குறிப்புகள் ட்ரெபிள் என்கின்றன. பிரிட்டன்காரர்கள் டபுள் என்றால் அது நம் குட்டைப் பின்னல். நான் படித்த குறிப்பு அமெரிக்காவுடையது, அக்கா சொல்லித்தந்த பெயர்கள் பிரிட்டன் வழக்கு. அதனால் முதல் இரண்டு நாள் குட்டைத் தூண் போட்டுவிட்டு, அதில் ஐந்து பின்னலைத் திணிக்கப் பார்த்து விரல் வலித்ததுதான் மிச்சம். குறிப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், நூலை ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பதா, சுற்றாமல் எடுப்பதா என்று பாருங்கள். சுற்றி எடுப்பதுதான் இதற்கு வேண்டும்.

இனி பின்னும் முறை. ஏணி வரிசையில் ஒரு ஜோடித் தூண், ஒரு ஒற்றைத் தூண், மறுபடி ஜோடி, ஒற்றை என்று மாறி மாறி வரும். ஜோடி என்றால் இரண்டு தூணும் ஒரே கண்ணியிலிருந்து எழும்புவது. ஜோடி போட்டதும் ஒரு செயின், கீழே இரண்டு கண்ணி விட்டு ஒற்றை, ஒரு செயின், இரண்டு கண்ணி விட்டு மறுபடி ஜோடி. ஆக ஒரு செதிலுக்கு 6 கண்ணி ஆகும். அடித்தளக் கண்ணிகள் ஆறின் மடங்காக இருக்க வேண்டும், தட்டையாகப் பின்னினால் முடிவுக்கு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது செதில். ஜோடியின் முதல் தூணைச் சுற்றி மேலிருந்து கீழாக 5 நெட்டைப் பின்னல். அடியில் ஒரு செயின், அதுதான் செதிலின் நுனி. பிறகு இரண்டாவது தூணைச் சுற்றிக் கீழிருந்து மேலாக 5. மேலே வந்ததும் பக்கத்து ஒற்றைத் தூணின் தலையில் ஒரு ஸ்லிப். ஒரு செதில் முடிந்தது. அடுத்த ஏணி வரிசையில் இடம் மாறும். போன வரிசையில் ஒற்றைத் தூண் இருந்த இடத்தில் ஜோடி வரும், செதிலின் நடுவில், அந்த இரண்டு தூணுக்கும் இடையில் ஊசியை விட்டு ஒற்றை வரும். இப்படி மாறுவதால்தான் இரண்டு செதிலுக்கு நடுவில் மூன்றாவது செதில் வந்து உட்காருகிறது.

எழுதினால் இவ்வளவுதான். கைக்கு வருவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. துணியை எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு ஊசியை வளைத்து வளைத்துப் பார்த்ததுதான் காரணம். ஊசியை வளைக்கக் கூடாது, துணியைத் திருப்ப வேண்டும். முதல் தூணுக்குத் துணியைக் கால் சுற்றுத் திருப்பினால் தூண் படுத்துக்கொள்ளும். படுத்த தூண் சாதாரண வரிசை மாதிரித் தெரியும். நுனிச் செயின் போட்டதும் துணியை எதிர்ப் பக்கம் அரைச் சுற்றுத் திருப்பினால் இரண்டாவது தூணும் அதே மாதிரிப் படுக்கும். முந்தைய வரிசைச் செதில்கள் விரலில் மாட்டிக்கொண்டே இருக்கும், அவற்றைக் கீழே மடித்து இடது கட்டை விரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். நான் துணிக் கிளிப் ஒன்று வைத்துக்கொண்டேன்.

தூணில் மூன்று பின்னல் போட்டதுமே இடம் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். தீரவில்லை. போட்டவற்றை நகத்தால் மேல் பக்கமாகத் தள்ளினால் மற்ற இரண்டுக்கும் இடம் கிடைக்கும். அப்படியும் நெருக்கினால் ஏணி இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். எனக்கு இயல்பிலேயே இறுக்கமான கை. அதனால் ஏணி வரிசைக்கு 4 மில்லிமீட்டர் ஊசியும் செதிலுக்கு 3.5 ஊசியும் வைத்துக்கொள்கிறேன். ஏணி தளர்ந்து, செதில் இறுகி இருந்தால்தான் செதில் நிமிர்ந்து அழகாக நிற்கும். ஒரு தூணுக்கு 4 பின்னல் போட்டுப் பார்த்தேன், செதில் ஒல்லியாகி இடைவெளி தெரிந்தது. 6 போட்டேன், ஓரம் சுருண்டது. என் நூலுக்கு 5தான் சரி. உங்கள் நூலுக்கு எது என்று நான்கு செதில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட தைரியத்தில்தான் அந்தத் தோள் போர்வையைத் தொடங்கினேன். கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கினேன். எங்கள் பக்கத்தில் ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து இறக்கிப் பின்னுவதைப் பார்த்துப் பழகியிருந்தேன், அதனால் யோசிக்கவே இல்லை.

அன்று ராத்திரி படுத்திருக்கும்போது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா வீட்டு நினைவு வந்தது. பொள்ளாச்சிப் பக்கம், ஓட்டு வீடு. சித்திரை முடிந்து மழைக்கு முன்னால் ஓடு பிரித்து மறுபடி வேய்வார்கள். உடைந்ததை எடுத்துவிட்டுப் புது ஓடு வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுப்போம். வேய்கிறவர் ஒரு நாளும் முகட்டிலிருந்து தொடங்க மாட்டார். கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் முதல் வரிசையை வைப்பார், அதன் தலையை மூடி இரண்டாவது வரிசை, அதன் தலையை மூடி மூன்றாவது. முகடு கடைசியில்தான். தென்னங்கீற்றுக் கூரையும் அப்படித்தான். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகும்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். ஏணி வரிசைதான் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், செதில்தான் ஓடு. செதிலின் நுனி எப்போதும் நாம் தொடங்கிய பக்கத்தைத்தான் பார்க்கும், ஏனென்றால் அது தூணின் மேலிருந்து இறங்கி, தூணின் அடியில் திரும்பி ஏறுகிறது. கழுத்தில் தொடங்கினால் நுனி கழுத்தைப் பார்க்கும். கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறினால் நுனி தரையைப் பார்க்கும். உடுப்பாக இருந்தால் கீழ் விளிம்பில், பையாக இருந்தால் அடியில், தொப்பியாக இருந்தால் காதோரம். எது தரையைப் பார்க்க வேண்டுமோ அங்கே முதல் கண்ணி.

விடிந்ததும் போர்வையைப் பிரித்தேன். வழவழப்பான நூல் என்பதால் பிரிக்க வந்தது. மயிர் மயிராக இருக்கும் உல்லனில் இதைச் செய்தால் செதில்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிரிக்கப் பிரிக்க அறுபடும். இந்தப் பின்னலுக்கு முறுக்கு நன்றாக உள்ள, வெளிர் நிற நூல்தான் முதலில் எடுக்க வேண்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் தூண் எது, செயின் எது என்று ராத்திரி வெளிச்சத்தில் தெரியாது.

மறுபடி தொடங்கியது முக்கோணமாக, முதுகின் கீழ் முனையிலிருந்து. முதல் வரிசையில் ஒரே ஒரு செதில். அடுத்த வரிசையில் இரண்டு ஓரங்களிலும் ஜோடி, நடுவில் ஒற்றை, ஆக இரண்டு செதில். அதற்கு மேல் மூன்று. கூட்டுவதற்கென்று தனி வித்தை எதுவும் வேண்டாம், ஓரத்தில் ஜோடி வைத்துக்கொண்டே போனால் துணி தானாக விரியும். 24 வரிசை போட்டேன், மொத்தம் 300 செதில். பழகாத கைக்கு ஒரு செதிலுக்கு மூன்று நிமிடம் ஆனது. செதிலுக்கு மட்டும் 15 மணி நேரம், ஏணி தனி.

நூல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் நஷ்டப்பட்டேன். சாதாரணமாக 6 கண்ணி அகலத்துக்கு ஒரு வரிசை போட்டால் 6 தூண். செதில் பின்னலில் அதே அகலத்துக்கு ஏணியில் 3 தூண், செதிலில் 10, மொத்தம் 13. ஆனால் உயரம் ஏறுவது ஒரு தூண் அளவுதான், செதில் வரிசை ஏணியின் மேலேயே படுத்துவிடுகிறது. ஆக இரண்டு மடங்குக்கும் மேலே நூல் போகும். நான் சாதாரணக் கணக்குப் போட்டு 50 கிராம் உருண்டை இரண்டு வாங்கியிருந்தேன். 19ஆவது வரிசையில் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் அதே நிறம் இருந்தது, லாட் நம்பர், அதாவது சேர்த்துச் சாயம் போட்ட தொகுதியின் எண், வேறு. பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. பகல் வெயிலில் மேல் ஐந்து வரிசையும் தனியாக, லேசாக மஞ்சள் பூத்து நின்றன. உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் லாட் நம்பர் அச்சிட்டிருக்கும். மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். மிஞ்சினால் பை பின்னலாம்.

பைதான் இந்தப் பின்னலுக்கு மிகவும் இசைவானது என்பது நான்கைந்து பொருள் செய்து பார்த்தபின் எனக்குத் தோன்றியது. போர்வையைக் கோவை வெயிலில் வருஷத்தில் எத்தனை நாள் போடுவோம்? சுருக்குப்பை தினமும் கையில் இருக்கும். அம்மாவின் அம்மா, எங்கள் அமுச்சிக்கு 84 வயது. இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. வெற்றிலை, பாக்கு, சில்லறை, கட்டை மோதிரம் ஒன்று, எல்லாம் அதற்குள்தான். அவருக்காக ஒன்று பின்னினேன்.

அடிக்கு ஒரு வட்டம். நூலை வளையமாகச் சுற்றி இழுத்து இறுக்கும் மேஜிக் ரிங்கில் 12 தூண், அடுத்த சுற்றில் 24, பிறகு 36, பிறகு 48. நாற்பத்தெட்டை ஆறால் வகுத்தால் 8 செதில். அதற்கு மேல் கூட்டாமல் ஏணி, செதில், ஏணி, செதில் என்று ஏறினால் வட்டம் சுவராக எழும்பும். சுற்றாகப் பின்னும்போது துணியைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, எப்போதும் வெளிப்பக்கம்தான் நம்மைப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றையும் ஜோடியில் தொடங்கி (முதல் தூணுக்குப் பதில் 3 செயின்), ஒற்றையில் முடிக்க வேண்டும். செதில் சுற்றின் கடைசி ஸ்லிப்பும் அந்த ஒற்றையில்தான் விழும், அடுத்த ஏணியின் ஜோடி அங்கேயே எழும்பும். இதில் ஒரு அழகு இருக்கிறது. தொடங்கும் இடம் சுற்றுக்கு அரைச் செதில் நகர்ந்துகொண்டே போவதால், சுற்றுகள் சேருகிற தையல் ஒரே கோட்டில் நிற்காது, செதிலுக்கு அடியில் மறைந்துவிடும். முடித்த பையில் அதைத் தேடிப் பிடிக்க எனக்கே முடியவில்லை.

ஐந்து வரிசைச் செதில், அதற்கு மேல் வெறும் தூணாக இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றை விட்டுவிட வேண்டாம். முதல் பையில் வாய் வரைக்கும் செதில் போட்டேன். கயிற்றை இழுத்தால் செதில்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வாய் மூடவே இல்லை. இப்போது வெறும் சுற்றில், தூண்களுக்கு இடையே ஒன்று விட்டு ஒன்றாகச் செயின் கயிறு இரண்டைக் கோத்து, எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கிற மாதிரி முடிச்சிடுகிறேன்.

அமுச்சி பையை வாங்கி, தடவிப் பார்த்து, சில்லறையைப் போட்டார். சாயங்காலம் திண்ணையில் ஒரு ரூபாய்க் காசு கிடந்தது. ஏணி என்றால் ஓட்டை இருக்கத்தான் செய்யும். செதில் வெளியே மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, உள்ளே விரல் விட்டால் தெரியும். அவருடைய பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்துணி தைத்துக் கொடுத்தேன். பையைவிட ஒரு விரல் அகலம் குறைவாக, வாய்ப்பக்கம் மட்டும் பின்னலோடு சேர்த்து. பெரிதாகத் தைத்தால் உள்ளே சுருண்டுகொள்ளும்.

துவைப்பதையும் சொல்லிவிட வேண்டும். என் முக்கோணப் போர்வை அக்ரிலிக். முடித்ததும் செதில் ஒரு சீராகப் படியட்டும் என்று மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை லேசாக வைத்து எடுத்தேன். வைத்த இடத்தில் ஆறு செதில்கள் செத்துப் போயின. அந்தச் சொல்தான் சரி: பளபளத்து, தளர்ந்து, துணியோடு ஒட்டிக்கொண்டன, பிறகு எதற்கும் எழும்பவில்லை. அக்ரிலிக் சூடு தாங்காது. நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்து, ஒவ்வொரு செதிலையும் விரலால் ஒருமுறை நீவிவிட்டு நிழலில் காய வைத்தால் போதும். கொடியில் தொங்கவிடக் கூடாது, ஈரத்தில் எடை ஏறி நீண்டுவிடும். பைக்கு முறுக்கேறிய, பளபளப்பான பருத்தி நூல் எடுத்தேன், அதில் செதில் இன்னும் விறைப்பாக நின்றது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற என் சித்தி மகன் வந்திருந்தான். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இதை மெஷின்ல ஓட்டலாமா?" என்றான். அவன் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஓடும் துணியை நினைத்துக் கேட்டிருக்கிறான். பனியன் துணி மாதிரி நிட்டிங்கை, அதாவது ஊசிப் பின்னலைத்தான் மெஷின் செய்யும். கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் தனியாக முடித்துவிட்டு, அடுத்ததை எங்கே வேண்டுமானாலும் போய்ப் போடலாம், தூணின் இடுப்பில்கூட. அந்தச் சுதந்திரம்தான் மெஷினுக்கு வருவதில்லை. கடையில் மலிவாகக் குரோஷா என்று விற்பது ஒன்று யாரோ கையால் பின்னியது, அல்லது பார்க்க அதுபோல மெஷினில் செய்தது. கையால் பின்னியதாக இருந்தால் அந்த விலையில் பின்னியவருக்கு என்ன போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வேதனையாக இருக்கும். யாராவது பை கேட்டால் நான் இப்போது செதிலை எண்ணித்தான் விலை சொல்கிறேன். 40 செதில், செதிலுக்கு இரண்டு நிமிடம், அடி, வாய், கயிறு, உள்துணி. மொத்தத்தில் நான்கு மணி நேரம். கேட்பவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவதை அநேகமாக நிறுத்திவிடுகிறார்கள்.

தெலுங்கு அக்கா போன தை மாதம் ஊருக்கே போய்விட்டார். போகும் முன் அவருக்கும் ஒரு பை பின்னிக் கொடுத்தேன், மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில், அவர் கைப்பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி சின்னச் செதில்களாக. ஒரு செதிலைத் தூக்கி அடியில் இருந்த ஏணியைப் பார்த்தார். பிறகு அடுத்ததைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டாவது வரிசைல ஒரு இடத்துல நாலுதான் போட்டிருக்க கண்ணு" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்தது.